வெப்பத்தோடு மல்லுக்கட்டிய வேகக்காரர் – சீமோர் க்ரே



போன செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின வாரம் எங்கள் ஹாஸ்டல் அறையில் நடந்த ஒரு கூத்தைச் சொல்லிவிட்டுக் கட்டுரைக்கு வருகிறேன். நண்பன் ஒருவன் தன் கம்ப்யூட்டரை ஓவர்கிளாக் செய்தான். அதாவது, 3.6 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட வேண்டிய பிராஸஸரை, பயாஸுக்குள் போய் 4.3-க்கு ஏற்றினான். நிலையாக நிற்கவில்லை என்றதும் வோல்டேஜையும் கொஞ்சம் கூட்டினான். கேம் பறந்தது. சுற்றி நின்ற ஏழெட்டுப் பேரும் கைதட்டினோம். எல்லாம் பத்து நிமிஷம்தான். பட்டென்று திரை கறுத்துவிட்டது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஹீட் சிங்க்கைத் தொட்டவன், ஐயோ என்று விரலை உதறினான்.

ஏன் இப்படி? கணக்கு ரொம்ப எளிது. பிராஸஸர் இழுக்கும் பவர் அதன் கிளாக் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். வோல்டேஜ் விஷயத்திலோ அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகத்தை 20 சதவீதமும் வோல்டேஜை 10 சதவீதமும் கூட்டினால் 1.2 பெருக்கல் 1.21. கிட்டத்தட்ட 45 சதவீதம் கூடுதல் பவர்! அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வரும். 100 வாட் இழுத்தது 145 வாட் இழுக்கும். ஹீட் சிங்க்கின் வெப்பத் தடை வாட்டுக்கு 0.4 டிகிரி என்று வைத்துக்கொண்டால், முன்னே 40 டிகிரி ஏறியது இப்போது 58 டிகிரி ஏறும். அதோடு அறையின் வெப்பநிலையைக் கூட்டுங்கள். ஏப்ரல் மாதம், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள எங்கள் அறை 38 டிகிரி. மொத்தம் 96. ஃபேனில் அடைத்துக் கிடந்த தூசியையும் சேர்த்தால் நூறைத் தொட்டிருக்கும். அந்த அளவுக்குப் போனதும் இன்றைய பிராஸஸர்கள் பெரும்பாலும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் சூடு அடங்காவிட்டால் அணைந்துவிடும். நண்பனின் பிராஸஸர் புத்திசாலித்தனமாக அணைந்து உயிர் பிழைத்தது.

இதே கணக்கோடு நாற்பது வருஷத்துக்கும் மேல் மல்லுக்கட்டிய ஒரு மனிதர் உண்டு. அவர் செய்த இயந்திரங்கள் உலகத்திலேயே வேகமானவை. ஆனால் ஒவ்வொன்றிலும் அவரைத் தூங்கவிடாமல் செய்தது வேகம் இல்லை, சூடு! அவர்தான் சூப்பர் கம்ப்யூட்டரின் தந்தை என்று அழைக்கப்படும் சீமோர் க்ரே.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சிப்பேவா ஃபால்ஸ் என்று ஒரு சிறிய ஊர். அங்கே 1925 செப்டம்பர் 28 அன்று பிறந்தார் க்ரே. அப்பா சிவில் என்ஜினீயர். பையனுக்கு நட்டு, போல்ட், கம்பி என்றால் உயிர் என்பதைப் பார்த்து, வீட்டின் நிலவறையையே அவனுக்கு லேபாக விட்டுக்கொடுத்துவிட்டார். பத்து வயதில், பிள்ளைகள் விளையாடும் இரும்புப் பட்டைச் செட்டை வைத்து, துளையிட்ட காகித நாடாவை மோர்ஸ் ஒலியாக மாற்றும் ஒரு கருவியைச் செய்துவிட்டாராம். நாம் பத்து வயதில் என்ன செய்தோம் என்று யோசிக்க வேண்டாம், விடுங்கள்.

1943-ல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் ராணுவம் கூப்பிட்டது. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பாவில் ரேடியோ ஆபரேட்டர். பிறகு பிலிப்பைன்ஸில், ஜப்பானியரின் ரகசியச் செய்திகளை உடைக்கும் வேலை. போர் முடிந்து திரும்பியவர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல் என்ஜினீயரிங் பட்டமும், 1951-ல் பயன்பாட்டுக் கணிதத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். செயின்ட் பால் நகரில் ஒரு பழைய கிளைடர் விமானத் தொழிற்சாலைக் கட்டடத்தில் இயங்கிய என்ஜினீயரிங் ரிசர்ச் அசோசியேட்ஸ் என்ற கம்பெனியில்தான் முதல் வேலை. வால்வு போட்ட கம்ப்யூட்டர்களின் காலம் அது. அந்தக் கம்பெனி கை மாறி, பெரிய நிறுவனத்துக்குள் அடங்கியபோது, அங்கிருந்த வில்லியம் நாரிஸ் 1957-ல் வெளியேறி கண்ட்ரோல் டேட்டா கார்ப்பரேஷனைத் தொடங்கினார். கொஞ்ச நாளில் க்ரேயும் அங்கே போய்ச் சேர்ந்தார். முழுக்க டிரான்ஸிஸ்டரால் ஆன அவருடைய 1604 கம்ப்யூட்டர் 1960-ல் வெளிவந்து நல்ல பெயரும் காசும் கொண்டுவந்தது.

காசு வந்ததும் கம்பெனியில் கூட்டம் கூடிவிட்டது. மீட்டிங், ரிப்போர்ட், பார்வையாளர்! க்ரேக்கு இதெல்லாம் வேப்பங்காய். என் ஊரிலேயே ஒரு லேப் கட்டிக் கொடுங்கள் என்று நாரிஸிடம் கேட்டார். கேட்டபடியே 1962-ல் சிப்பேவா ஃபால்ஸில் லேப் வந்தது. அங்கே ஒரு சிறு கூட்டத்தோடு உட்கார்ந்து அவர் செய்ததுதான் 6600.

இங்கேதான் நம் கதாநாயகனுக்கும் வெப்பத்துக்கும் நேருக்கு நேர் சண்டை ஆரம்பிக்கிறது.

ஒரு கம்ப்யூட்டர் வேகமாக ஓட வேண்டுமானால் இரண்டு விஷயம் வேண்டும். டிரான்ஸிஸ்டர் வேகமாகத் திறந்து மூட வேண்டும். ஒரு டிரான்ஸிஸ்டரிலிருந்து இன்னொன்றுக்குச் சிக்னல் போகும் தூரம் குறைய வேண்டும். ஒளியே ஒரு நானோ செகண்டில் 30 சென்டிமீட்டர்தான் போகும். கம்பிக்குள் ஓடும் சிக்னல் அதைவிடக் குறைவு, சுமார் 20 சென்டிமீட்டர். ஆகவே எல்லாவற்றையும் நெருக்கி நெருக்கி வைக்க வேண்டும். நெருக்கினால்? டவுன் பஸ்ஸில் ஆபீஸ் நேரத்தில் நின்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் விடும் வெப்பம் கொஞ்சம்தான். ஆனால் வெளியே போக வழியில்லை.

முதல் விஷயத்துக்கு அவர் ஜெர்மேனியத்தை விட்டு, அப்போது புதிதாக வந்த ஃபேர்சைல்டின் சிலிக்கான் டிரான்ஸிஸ்டருக்கு மாறினார். வேகம் கிடைத்தது. போனஸாக இன்னொன்றும் கிடைத்தது. ஜெர்மேனியத்தைவிட சிலிக்கான் அதிகச் சூட்டைத் தாங்கும். நாம் செமிகண்டக்டர் பேப்பரில் இரண்டு மார்க்குக்கு எழுதுகிற பதில்தான் இது. ஆனால் இதை நம்பித்தான் 6600 எழுந்து நின்றது.

இரண்டாவது விஷயத்துக்கு, இரண்டு சர்க்யூட் பலகைகளை எதிரெதிரே வைத்து, நடுவில் ரெஸிஸ்டர்களை விறகு அடுக்குவதுபோல அடுக்கி, உள்ளங்கைக்குள் அடங்கும் கட்டிகளாகச் செய்தார்கள். மொத்த இயந்திரத்தில் ஏறக்குறைய 4 லட்சம் டிரான்ஸிஸ்டர்கள். இத்தனை நெருக்கத்தில் ஃபேன் போட்டால் காற்று எங்கே நுழையும்? நுழையாது. அதனால் க்ரே அழைத்துவந்தது ஒரு எலெக்ட்ரானிக்ஸ் மேதையை இல்லை. ஃப்ரிட்ஜ் செய்யும் அமானா கம்பெனியில் வேலை பார்த்த டீன் ரவுஷ் என்ற குளிர்பதன என்ஜினீயரை! ஃப்ரிட்ஜுக்குள் ஓடும் அதே ஃப்ரீயான், கம்ப்யூட்டரின் சட்டத்துக்குள் குழாய் வழியே ஓட ஆரம்பித்தது. மெக்கானிக்கல் பிரிவு நண்பர்கள் இந்த இடத்தில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் என்றாலே எங்கள் ஏரியா என்று நினைக்கும் எங்கள் எலெக்ட்ரானிக்ஸ் கும்பல் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டிய இடமும் இதுவே.

1964-ல் 6600 வெளிவந்தது. 10 மெகாஹெர்ட்ஸ். இன்றைக்குச் சிரிப்பு வரும். ஆனால் 1969-ல் க்ரேயே தன் அடுத்த 7600-ஐக் கொண்டுவரும் வரை உலகில் அதை முந்த ஆளில்லை. ஐ.பி.எம். தலைவர் தாமஸ் வாட்ஸன் ஜூனியர் இதைக் கேள்விப்பட்டுத் தன் அதிகாரிகளுக்குக் கோபமாக ஒரு குறிப்பு அனுப்பினார். அந்த லேபில் பெருக்குபவரையும் சேர்த்து மொத்தம் 34 பேர்தானாமே, இத்தனை பெரிய நாம் எப்படிக் கோட்டை விட்டோம் என்பது அதன் சாரம்.

வெற்றி மேல் வெற்றி என்று எழுதிக்கொண்டே போகலாம்தான். ஆனால் எனக்குப் பிடித்த இடம் அவர் தோற்ற இடம். அது 8600.

7600-க்கு அடுத்து, அதே பாணியில் இன்னும் நெருக்கமாக, இன்னும் வேகமாக, நான்கு பிராஸஸர்களை ஒரே பெட்டிக்குள் அடைக்கத் திட்டம் போட்டார். கிளாக் 8 நானோ செகண்ட். பலகைகளைக் கனமான அடுக்குகளாக அடுக்கினார்கள். சூட்டை வெளியே இழுப்பது பெரும்பாடாக இருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை, ஆயிரக்கணக்கான தனித்தனிப் பாகங்களும் அவற்றின் சால்டர் இணைப்புகளும். ஒரு இணைப்பு விட்டுப்போனால் மொத்த அடுக்கும் வீண். எத்தனை திருத்தினாலும் இயந்திரம் நம்பகமாக ஓட மறுத்தது. ஒர்க்ஷாப்பில் ஃபைலிங் போட்டுப் போட்டு ஜாப் அளவுக்குக் கீழே போய்விட்டால் நாம் என்ன செய்வோம்? மறைத்து எப்படியாவது மார்க் வாங்கப் பார்ப்போம். க்ரே ஒப்புக்கொண்டார். இந்த டிசைன் தேறாது, முதலிலிருந்து வேறு ஒன்றைத் தொடங்குகிறேன் என்றார். கம்பெனியில் அப்போது இன்னொரு பெரிய திட்டமும் பணத்தை விழுங்கிக்கொண்டிருந்தது. புதிதாகத் தொடங்கக் காசில்லை என்று நாரிஸ் கையை விரித்தார். 1972-ல் க்ரே விலகினார். அதே ஊரில் சில சகாக்களோடு க்ரே ரிசர்ச் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். வயது 47 ஆகப்போகிறது. விற்பதற்குக் கையில் ஒரு பொருளும் கிடையாது.

நான்கு வருஷம் கழித்து வந்ததுதான் க்ரே-1.

படம் பார்த்திருப்பீர்கள். ஆங்கில எழுத்து சி வடிவத்தில் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் ஒரு வட்டத் தூண், அதைச் சுற்றி மெத்தை போட்ட பெஞ்சு. உலகத்திலேயே விலை உயர்ந்த சோபா என்று அமெரிக்காவில் கிண்டல் செய்வார்களாம். பெஞ்சு சும்மா அழகுக்கு இல்லை. அதன் அடியில் இருப்பது பவர் சப்ளை. சி வடிவமும் அழகுக்கு இல்லை. வளைவின் உள்பக்கம் கம்பிகள் குறுகிய வழியில் போகும். எந்தக் கம்பியும் 4 அடிக்கு மேல் நீளக் கூடாது என்பது கட்டளை. 4 அடி என்றால் சிக்னலுக்குச் சுமார் 6 நானோ செகண்ட் பயணம். கிளாக் 12.5 நானோ செகண்ட், அதாவது 80 மெகாஹெர்ட்ஸ். பாதி நேரம் கம்பியிலேயே போய்விடுகிறது, பாருங்கள்! உள்ளே மொத்தம் சுமார் 60 மைல் கம்பி. அத்தனையையும் அளந்து வெட்டிக் கையாலேயே இணைத்தவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்ப் பெண்கள். இவர்களுடைய பெயர்களை எந்தப் புத்தகமும் தலைப்பில் போடவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த முறை தனித்தனி டிரான்ஸிஸ்டருக்குப் பதில் ஐ.சி. சிப்புகள். 8600 கற்றுத் தந்த பாடம். ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது ஈ.சி.எல். வகை. வேகத்தில் புலி. பவரைக் குடிப்பதிலும் புலி. க்ரே-1 இழுத்த பவர் சுமார் 115 கிலோவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் 115-ஐ ஒரு தூணுக்குள் அடைத்து ஆன் செய்ததற்குச் சமம். குளிர்பதனப் பாடம் படித்தவர்கள் கணக்குப் போடுங்கள். ஒரு டன் குளிர்பதனம் 3.517 கிலோவாட். ஆக 33 டன் வேண்டும். நம் வங்கிகளில் மாட்டியிருக்கும் ஒன்றரை டன் ஏ.சி. 22 சேர்ந்தால்தான் அந்த ஒரு தூணைக் குளிர வைக்க முடியும்!

ரவுஷ் இங்கேயும் உடன் இருந்தார். வழி மிக எளிமையானது. இரண்டு சர்க்யூட் பலகைகளை முதுகோடு முதுகாக வைத்து, நடுவே ஒரு தாமிரத் தகடு. சிப்பின் சூடு பலகை வழியே தாமிரத்துக்கு வரும். தாமிரம் அதை ஓரத்துக்குக் கடத்தும். ஓரத்தில் தூணோடு பொருத்திய அலுமினியச் சட்டங்கள். அவற்றுக்குள் பதித்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களில் ஃப்ரீயான் ஓடும். அது சூட்டை வாங்கிக்கொண்டு கீழே குளிர்விக்கும் பகுதிக்குப் போய்விடும். இப்படி 1,662 மாட்யூல்கள். மெக்கானிக்கல் டிசைனில் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து எவ்வளவு உழைத்தார்களோ, அதே அளவு உழைப்பு இந்தக் குளிரூட்டலுக்கு மட்டும் போயிற்றாம்.

தாளில் எல்லாம் சரி. ஓடவிட்டால் வேறு ஒரு வில்லன் கிளம்பினான். எண்ணெய்! கம்ப்ரஸர் தேயாமல் ஓட ஃப்ரீயானோடு கொஞ்சம் எண்ணெய் கலந்திருக்கும். வீட்டு ஃப்ரிட்ஜிலும் அப்படித்தான். அந்த எண்ணெய் குழாய்களின் இணைப்புகள் வழியாகக் கண்ணுக்குத் தெரியாமல் கசிந்து, பலகைகள் மேல் படலமாகப் படிந்து, கடைசியில் ஷார்ட் ஆக்கியது. மூளை தயார், கணக்குப் போடும் சிப் தயார், ஆனால் ஒரு சொட்டு எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. புது முறையில் வெல்டிங் செய்து குழாய்களை அடைக்கும் வரை ஆறு மாதம் தாமதம். நான்கு வருஷமாக ஒரு பைசா வருமானம் இல்லாத கம்பெனிக்கு ஆறு மாதம் என்றால் எப்படி இருந்திருக்கும்! வெல்டிங் கிளாஸை கட் அடிக்கும் நண்பர்கள் இதை இன்னொரு முறை படிக்கவும்.

1976-ல் முதல் இயந்திரம் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்துக்கு ஆறு மாத இலவசச் சோதனைக்குப் போயிற்று. அடுத்த வருஷம் கொலராடோவின் போல்டர் நகரில் உள்ள வளிமண்டல ஆய்வு மையம் 88 லட்சம் டாலருக்கு ஒன்றை வாங்கியது. ஒரு டஜன் விற்றால் போதும் என்று நினைத்திருந்தார்கள். ஏறக்குறைய 80 விற்றது. குளிரூட்டும் முறைக்கு ரவுஷ் பெயரில் தனிக் காப்புரிமையும் கிடைத்தது.

இந்தத் தாமிரத் தகட்டுக் கதையைப் படித்த பிறகுதான் எங்கள் ஹாஸ்டல் கம்ப்யூட்டரின் வைத்தியம் எனக்கு விளங்கியது. பிராஸஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்குத் தட்டிப்போயிருந்தது. உலோகத்தின் மேல் உலோகத்தை எவ்வளவு அழுத்தினாலும் நடுவில் நுண்ணிய பள்ளங்களில் காற்று நிற்கும். தாமிரத்தோடு ஒப்பிட்டால் காற்று வெப்பத்தைக் கடத்தும் திறன் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் காற்றை விரட்டத்தான் பேஸ்ட். அதுவும் மெல்லிசாகத்தான் இருக்க வேண்டும்; தோசைக்குச் சட்னி வைப்பதுபோல அப்பினால் அதுவே தடையாகிவிடும். பழையதைத் துடைத்து, பட்டாணி அளவு புதுசு வைத்து, தூசியை ஊதி, வோல்டேஜைப் பழைய நிலைக்கே இறக்கி, 4 கிகாஹெர்ட்ஸில் விட்டோம். அதே வெயிலில், ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் 81 டிகிரியைத் தாண்டவில்லை. அந்த 0.3 கிகாஹெர்ட்ஸை விட்டுக்கொடுக்க நண்பனுக்கு மனசே இல்லை. என்ன செய்வது!

இன்றைய பிராஸஸரை லேசாக நினைக்காதீர்கள். உச்ச வேலையில் உயர்ரக டெஸ்க்டாப் சிப் ஒன்று இரண்டரை சதுர சென்டிமீட்டர் பரப்பில் 250 வாட் வரை கக்கும். இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டைவிட, சதுர சென்டிமீட்டருக்கு இருபது மடங்கு. க்ரே பார்த்த பிரச்னை சிறிசாகி நம் மேஜைக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, அவர் கதைக்குத் திரும்புவோம். 1981-ல் தன் கம்பெனியின் தலைமைப் பொறுப்பையே விட்டுவிட்டார். நிர்வாகம் வேண்டாம், ஒப்பந்த அடிப்படையில் டிசைன் மட்டும் செய்கிறேன் என்று உட்கார்ந்துகொண்டார். பென்சில், கட்டம் போட்ட தாள், அமைதியான ராத்திரி. இவை போதும் அவருக்கு. பாதாளத்தில் சுரங்கம் தோண்டுவது அவருடைய பொழுதுபோக்கு என்றும், வருஷா வருஷம் படகு கட்டி அதைத் தானே கொளுத்திவிடுவார் என்றும் கதைகள் உலவுகின்றன. படகுக் கதையில் பத்திரிகைக்காரர்களின் கைவண்ணம் கொஞ்சம் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பழைய டிசைனைத் தூக்கி எறிந்துவிட்டு வெறும் தாளில் தொடங்கும் அவர் வழக்கத்துக்கு அந்தக் கதை பொருந்தத்தான் செய்கிறது.

க்ரே-2 அப்படித்தான் வந்தது. இந்த முறை 8 பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலும் கீழுமாகவும் இணைத்துவிட்டார். கம்பி இன்னும் குறுகியது, கிளாக் 4.1 நானோ செகண்டுக்கு வந்தது. ஆனால் நடுவில் தாமிரத் தகடு நுழைய இடமே இல்லை. என்ன செய்வது? சூட்டை வெளியே கொண்டுவர முடியாவிட்டால் குளிர்ச்சியை உள்ளே அனுப்பு! மொத்த இயந்திரத்தையும் திரவத்தில் முக்கிவிட்டார்!

தண்ணீரில் முக்கினால் என்ன ஆகும் என்று முதல் வருஷ மாணவனுக்கும் தெரியும். அவர் எடுத்தது த்ரீ எம் கம்பெனியின் ஃப்ளூரினெர்ட். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், மின்சாரம் கடத்தாது, எதோடும் எளிதில் வினை புரியாது. பம்ப் வைத்து அதைப் பலகைகளுக்கு இடையே ஓடவிட்டு, வெளியே கண்ணாடித் தொட்டிகளில் அருவிபோல விழச் செய்து குளிர வைத்தார்கள். கண்ணாடி வழியே குமிழிகள் தெரியும். குமிழி என்றே அதற்குச் செல்லப்பெயர் வைத்தார்கள். 1985-ல் வெளிவந்து, நான்கு பிராஸஸர்களோடு விநாடிக்குச் சுமார் 190 கோடி கணக்குகள் வரை போட்டு, உலகிலேயே வேகமானதாக நின்றது. சிரமமும் இருந்தது. ஒரு மாட்யூலை மாற்ற வேண்டுமென்றால் முதலில் தொட்டித் திரவத்தை இறைத்தாக வேண்டும்!

இன்றைக்குப் பெரிய டேட்டா சென்டர்களில் கம்ப்யூட்டரைத் திரவத்தில் முக்குவதைப் புதுமை என்று எழுதுகிறார்கள். க்ரே அதை 1985-லேயே விற்றுக்கொண்டிருந்தார். இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீயான் வகை வாயுக்கள் ஓசோன் படலத்தை அரிக்கின்றன என்று 1987-ல் மாண்ட்ரீலில் உலக நாடுகள் ஒப்பந்தம் போட வேண்டிவந்தது. ஃப்ளூரினெர்ட் வகையறாவோ மண்ணிலும் காற்றிலும் சிதையாமல் தங்கிவிடும். இத்தகைய வேதிப்பொருள்களின் உற்பத்தியை 2025 முடிவுக்குள் நிறுத்துவதாக த்ரீ எம் 2022-ல் அறிவித்தது. சூட்டைச் சிப்பிலிருந்து எடுத்துவிடலாம். எடுத்ததை எதில் ஏற்றி எங்கே விடுகிறோம் என்பது அந்த நாட்களில் யாரும் பெரிதாகக் கேட்காத கேள்வி.

நம் நாட்டுக்கும் க்ரே பெயருக்கும் ஒரு தொடர்பு உண்டு. பருவமழையைக் கணிக்க இந்தியா 1980-களில் அமெரிக்காவிடம் சூப்பர் கம்ப்யூட்டர் கேட்டது. கேட்டது கிடைக்கவில்லை. இழுத்தடித்த பிறகு, திறன் குறைந்த க்ரே எக்ஸ்-எம்.பி. 14 என்ற மாடல், வானிலைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு 1989-ல் டில்லியில் நிறுவப்பட்டது. அது க்ரே கம்பெனியின் இயந்திரம்தான், ஆனால் டிசைன் செய்தது ஸ்டீவ் சென் என்ற வேறொருவரின் குழு. இந்தப் பிகுவைப் பார்த்த நம்மவர்கள் 1988-ல் சி-டாக் நிறுவனத்தைத் தொடங்கி, 1991-ல் பரம் 8000 என்ற சொந்த சூப்பர் கம்ப்யூட்டரை ஓடவிட்டார்கள். பல சாதாரண பிராஸஸர்களை ஒன்றாகப் பூட்டி வேலை வாங்கும் முறை அது.

க்ரேக்கு ஒத்துவராத முறையும் அதுவே! காளைகளை விட்டுவிட்டு ஆயிரம் கோழிகளைப் பூட்டி வயல் உழுகிற வேலை என்று கேலி செய்வாராம். ஒன்றிரண்டு வலுவான காளைகள்தான் அவருக்கு வேண்டும். அந்தக் காளையை இன்னும் வேகப்படுத்த, க்ரே-3-க்கு சிலிக்கானையே விட்டுவிட்டு காலியம் ஆர்சனைடுக்குத் தாவினார். கிளாக் 2 நானோ செகண்ட், 500 மெகாஹெர்ட்ஸ். உள்ளங்கை அளவு மாட்யூல்கள், கையால் இணைக்கவே முடியாத நுண்மை, ரோபோக்கள் வேண்டியிருந்தன. இதுவும் திரவத்தில் முக்கிய இயந்திரமே. செலவு தாங்காமல் 1989-ல் கம்பெனி இரண்டாகப் பிரிந்தது. கொலராடோ ஸ்பிரிங்ஸில் க்ரே கம்ப்யூட்டர் கார்ப்பரேஷன் என்று தனியே போனார். நாட்கள் தள்ளிக்கொண்டே போயின. 1991-ல் முதல் வாடிக்கையாளரான லிவர்மோர் ஆய்வுக்கூடம் ஆர்டரை ரத்து செய்தது. பனிப்போர் முடிந்து அரசாங்கத்தின் கையும் இறுகிவிட்டது. 1993-ல் போல்டர் மையத்துக்குப் போன ஒரே ஒரு க்ரே-3-ஐத் தவிர வேறெதுவும் வெளியே போகவில்லை. 1995 மார்ச்சில் கம்பெனி திவாலானது. அடுத்ததாக 1 நானோ செகண்ட் வேகத்தில் க்ரே-4 தயாராகிக்கொண்டிருந்தது!

சூடு குறைவாக, விலை குறைவாக வந்த சீமாஸ் மைக்ரோபிராஸஸர்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றுசேர்ந்து அவரை முந்திவிட்டன. கோழிகள் ஜெயித்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுபது வயது. வேறு யாராக இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். க்ரே 1996 ஆகஸ்டில் எஸ்.ஆர்.சி. கம்ப்யூட்டர்ஸ் என்று மறுபடியும் ஒரு கம்பெனி தொடங்கினார். அவருடைய முழுப் பெயரான சீமோர் ரோஜர் க்ரேயின் முதலெழுத்துகள்தான் அவை. இந்த முறை அவர் யோசித்தது, தான் கேலி செய்த அதே பல பிராஸஸர் வழி. மறுபடியும் வெறும் தாள்.

செப்டம்பர் 22 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸ் நெடுஞ்சாலையில் அவர் ஓட்டிச் சென்ற ஜீப் விபத்துக்குள்ளாகிக் கவிழ்ந்தது. தலையிலும் கழுத்திலும் பலத்த காயம். இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் போராடி, 1996 அக்டோபர் 5 அன்று காலமானார். 71 வயது நிறைந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. புதுக் கம்பெனிக்கு அப்போது வயது இரண்டு மாதம்.